பொருளடைவு, 1992

எனக்குக் கட்சி கிடையாது.
அட்டைகள் உண்டு.
ஹெல்சிங்கியில், நாடாளுமன்றத்தின் கீழ்த்தளத்தில்,
வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்
யார் என்ன பேசினார், எந்தப் பக்கத்தில் என்று
எழுதி அடுக்குவது என் வேலை.

அந்த ஆண்டு
இர்யா முல்தமாக்கியின் பெட்டியை
மூட முடியவில்லை.

எதிர்க்கட்சி. மூன்றாம் வரிசை. தூண் மறைக்கும் இருக்கை.
கொய்வுகொஸ்கி ஒட்டுப்பலகை ஆலையில்
பதினேழு வருடம் பசை கலக்கியவர்.
மாஸ்கோவிலிருந்து ஆர்டர் வருவது நின்றது,
ஆலை நின்றது,
ஆலைக்குக் கடன் கொடுத்த வங்கி நின்றது,
பிறகு ஊரே நின்றது
வரிசையில்.

முல்தமாக்கி, இ.:
ரொட்டி வரிசை, பக்கம் 1104.
ரொட்டி வரிசையில் நிற்போருக்குக் கழிப்பறை, 1105.
(குறுக்கீடு: இதுதான் பட்ஜெட் விவாதமா?)
ஆம், 1105.
வெளிநாட்டு நாணயத்தில் வீட்டுக்கடன், 1389:
"மார்க்காவின் மதிப்பு விழுந்த இரவில் தூங்கப் போனவர்
எட்டில் ஒரு பங்கு கூடுதல் கடனோடு எழுந்தார்.
தூக்கத்துக்குமா வட்டி, அமைச்சரே?"
(சிரிப்பு.)
சிரிப்பை நாங்கள் அட்டையில் ஏற்றுவதில்லை.

எழுத்து மூலம் கேட்ட கேள்விகள் அறுபத்து மூன்று.
அவற்றில் நாற்பத்தொன்றுக்கு
"கருத்தில் கொள்ளப்படும்" என்று பதில்.
அந்தப் பதிலுக்கும் ஓர் அட்டை போட்டேன், தனியாக.
விதிப்படி தேவையில்லை.
கை ஓடிவிட்டது.

அவரைப் புகழ்ந்து சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.
நேரம் முடிந்து மணி அடித்தாலும் பேசுவார்.
ஒரே கதையை மூன்று விவாதங்களில் சொல்லியிருக்கிறார்,
மூன்றிலும் அந்த மனிதருக்கு வேறு வேறு வயது.
ஒருமுறை நானூறு பேர் என்பதற்கு
நாலாயிரம் என்று சொல்லிவிட்டார்.
ஆளுங்கட்சி ஒரு வாரம் அதை வைத்துச் சாப்பிட்டது.
அடுத்த அமர்வில் முதல் ஆளாக எழுந்தார், 2260:
"நான் சொன்னது பிழை. நானூறுதான்.
அந்த நானூறு பேரும் சிரிக்கவில்லை."

டிசம்பர். கடன் சீரமைப்பு மசோதா.
நள்ளிரவு தாண்டி ஒன்று நாற்பது,
அவையில் பதினோரு பேர், இருவர் உறக்கம்.
ஆறாம் பிரிவு: வங்கி அவகாசம் வழங்கலாம்.
முல்தமாக்கி, 4417:
"இந்த 'லாம்' என்ற வால் இருக்கிறதே,
அதைப் பிடித்துக்கொண்டுதான் வங்கி வெளியே நழுவும்.
வாலை வெட்டுங்கள்.
வழங்கவேண்டும் என்று போடுங்கள்."
மறுநாள் வாக்கெடுப்பு.
நூற்றிரண்டுக்கு எழுபத்தொன்று.
வால் பிழைத்தது.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார்.
ஊரில் வாக்களிக்க ஆள் குறைந்திருந்தது,
பாதிப் பேர் வேலை தேடி ஸ்வீடனில்.

அதன்பின் இரண்டாவது குளிர்காலம்
அதே சட்டம் திருத்தத்துக்கு வந்தது.
ஆறாம் பிரிவு: வங்கி அவகாசம் வழங்கவேண்டும்.
கொண்டுவந்த அமைச்சர்
அன்றைய நூற்றிரண்டில் ஒருவர்.
"நீண்ட சிந்தனையின் விளைவு" என்றார், 873.
ஒருமனதாக நிறைவேறியது.

விதி தெளிவானது: முன்மொழிந்தவர் பெயரின் கீழ் மட்டும்.
அமைச்சரின் அட்டையை எழுதினேன்.
மை காயும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அடியில், சிறிய எழுத்தில்:
காண்க, முல்தமாக்கி, இ., 1992, பக்கம் 4417.
முப்பது வருட வேலையில்
நான் போட்ட ஒரே வாக்கு அது.

ஒரு மார்ச் மாதம் அவரே கீழே வந்தார்,
காலணியில் உருகும் பனியோடு.
தன் பெட்டியைக் கேட்பார் என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.
அந்த நாலாயிரமும் நானூறும்
அடுத்தடுத்த பக்கங்களிலா இருக்கின்றன, என்றார்.
இல்லை, நடுவில் எண்பத்தாறு பக்கம்.
"அவ்வளவு தூரமா."
கையுறையைத் தேடினார்.
அது அவர் கையில்தான் இருந்தது.